மூன்றாவது கோடு

மிதவை முங்கியது.

தலைகூடத் தெரியவில்லை. ரோசம்மா அக்காவின் வாளியில் ரப்பர்ப் பால் மட்டும் வெள்ளையாகத் தளும்பிக்கொண்டிருந்தது.

கணக்குப் பார்க்கும் சதாசிவம் கிராணி இரண்டு விரலை உள்ளே விட்டு, பாலைச் சோதிக்கும் கண்ணாடி மிதவையை எடுத்து உதறினார்.

“ஏம்மா ரோசம்மா, உன் நெரையில நிக்கிறது ரப்பர் மரமா, தண்ணிக் குழாயா?”

பால் கொட்டாயில் நிறுவைக்கு நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். கிராணி தினம் இரண்டொரு வாளியில்தான் மிதவை போடுவார். தங்கள் வாளி தப்பித்த சிரிப்பு.

என் அம்மா சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் வரிசையில் முதல் வாளி அம்மாவுடையது. அதில் மிதவை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. “மங்களத்தப் பாத்துக் கத்துக்குங்க” என்று கிராணி எல்லாருக்கும் கேட்கச் சொல்லியிருந்தார்.

மலாயாவில், தாப்பாவுக்குத் தெற்கே எங்கள் ரப்பர்த் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நிறுவை கூடட்டும் என்று பாலில் தண்ணீர் ஊற்றிப் பிடிபட்டால், வாளியின் வெளிப்பக்கம் வெள்ளைச் சாயத்தில் ஒரு கோடு.

மூன்று கோடு விழுந்தால் பால் வெட்ட நெரையும் கிடையாது, குடியிருக்க லயத்து வீடும் கிடையாது.

ரோசம்மா அக்கா வாளியில் இரண்டு கோடு இருந்தது. இரண்டும் அந்த வாரம் விழுந்தவை. புருஷன் காய்ச்சலில் போய் ஆறு மாதம். லயத்தில் இரண்டு பிள்ளைகள்.

“மாதா மேல சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலங்க ஐயா.”

“மாதா மேல சத்தியம் பண்ணினா மிதவை மேல வந்துருமா?”

மறுபடியும் சிரிப்பு.

அந்த மிதவை எங்கள் கொட்டாய் மிதவை இல்லை. எங்களுடையதில் எண்ணைப் படித்தால் போதும்; அது திங்கட்கிழமை கை தவறி உடைந்துபோனது. ஈப்போவிலிருந்து புதுசு வரும்வரை, துரை பங்களா மாட்டுக்கொட்டிலில் இருந்ததைக் கிராணி இரவல் வாங்கி வந்திருந்தார்.

அவர் குடும்பம் பாரிட் புந்தாரில் மாடு வைத்திருந்த குடும்பம். மிதவை நல்ல பாலில் நிற்கும், தண்ணீர் கலந்த பாலில் முங்கும். சின்ன வயதிலிருந்து பார்த்த கண். யார் எதிர்த்துச் சொல்வது?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதினோரு பேர் சுவர் ஓரமாக நின்றோம். மிதவை பார்க்கக் கூட்டி வந்தவர் சூசைநாதன் வாத்தியார். இருபத்திரண்டு வயது. சட்டைப் பையில் எந்நேரமும் நூலும் ஆணியும் கிடக்கும். எதைக் கேட்டாலும், “வாயால சொல்லாதே, போட்டுப் பாரு” என்பார்.

போன மாதம் பப்பாளித் தண்டின் அடியில் களிமண் அடைத்து ஆளுக்கொரு மிதவை செய்தோம். உப்புத் தண்ணீரில் போட்டால் எழும்பியது. தேங்காயெண்ணெயில் போட்டால் அமுங்கியது. சட்டியும் கையும் எண்ணெயுமாக வீட்டுக்குப் போய் அடி வாங்கினோம்.

கிராணி தூரிகையைச் சாயத்தில் தோய்த்தார். வாளியைத் தன் பக்கம் திருப்பினார்.

“பொறுங்க ஐயா.”

என் குரல்தான் அது. கொட்டாயே திரும்பிப் பார்த்தது. அம்மாவும் பார்த்தாள்.

இனி நிறுத்த முடியாது.

“வெறும் தண்ணியில போட்டுப் பாருங்க ஐயா. தண்ணி கலந்தா முங்கும்னா, வெறும் தண்ணியில அடியோட முங்கணும்லா?”

“மங்களம், உன் மக கிராணி வேலைக்கு வாராளா?” என்று சிரித்துக்கொண்டே, கழுவுகிற தொட்டியில் மிதவையைப் போட்டார்.

முங்கவில்லை.

ஒரு குலுக்கு குலுக்கி, ஒரு விரல் உயரம் கழுத்தை நீட்டி நின்றது.

கிராணி சிரிப்பை நிறுத்தினார். எடுத்து ரோசம்மா அக்கா வாளியில் போட்டார். முங்கியது. தொட்டியில் போட்டார். நின்றது. மூன்றாம் தரம் யாரும் சொல்லாமல் அவரே போட்டுப் பார்த்தார்.

வாத்தியார் தணிந்த குரலில் சொன்னார். “மாட்டுப்பால் தண்ணியவிடக் கனம்ங்க. மரத்துப்பால் தண்ணியவிட லேசு. இங்க எல்லாம் தலைகீழ். முங்கினாத்தான் நல்ல பால்.”

கிராணி கெட்டிக்காரர். வாத்தியார் சொல்லாமல் விட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

தூரிகை கையிலேயே இருந்தது. வரிசையின் முதல் வாளிக்கு நடந்தார்.

மிதவையைப் போட்டார். கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

ஒரு கோடு போட்டார். அம்மா வாளியில் அதுதான் முதல் கோடு.

ரோசம்மா அக்கா மண்ணெண்ணெயில் முந்தானையைத் தோய்த்துத் தன் இரண்டு கோட்டையும் துடைத்தாள். பிறகு வந்து, பால் ஒட்டிய கையால் என் முகவாயைப் பிடித்தாள். அழுதாள்.

“எப்படிம்மா தோணுச்சு?” என்று கேட்டார் வாத்தியார்.

“பப்பாளித் தண்டுங்க” என்றேன்.

அது பாதிதான்.

லயத்துக்குத் திரும்பும்போது காலி வாளியை வழக்கம்போல் நான்தான் தூக்கினேன். கோடு இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியது.

ஓடைப் பலகை மேல் அம்மா நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“நாளைக்கு நீ ஓடையில எறங்க வேணாம்.”

“சரிம்மா” என்றேன்.

அன்று விடிகாலை அதே துறையில் இறங்கி, மூன்று சிரட்டைத் தண்ணீர் மொண்டு அந்த வாளியில் ஊற்றியவள் நான்.