மல்லாந்த கற்கள்

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று பார்க்கக்கூட ஒரு கருவி வேண்டும். கை எதற்கு இருக்கிறதோ.

ஆய்வுக்காரப் பெண் குவாபாரா மூன்றாம் நாளாக ஆற்றில் நின்றாள். ஜனவரி மாதத்துத் தென்ரியூ ஆறு. முழங்கால் ஆழம். வலையைத் தூக்கிப் பார்த்தாள். வெறும் மணல்.

நான் கரையில் நின்றேன். என்னத்தை எழுதி வைக்கிறாள் என்று பார்க்கத்தான் வந்தேன்.

"தண்ணியோட சூடு சரியா இருக்கு, பெரியவரே. ஓட்டம் சரியா இருக்கு. சேறு இல்ல. கல்லும் நல்ல கல்லு. பூச்சி மட்டும் இல்ல."

ஜஜாமுஷியைச் சொல்கிறாள். கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டு வாழும் பூச்சி. குளிர்காலத்தில் எடுத்து, சோயாவும் சர்க்கரையும் போட்டு வற்றக் காய்ச்சுவோம்.

பூச்சி பிடிக்கிறேன் என்று இங்கே எவனும் சொல்லமாட்டான். மிதிக்கிறேன் என்பான். இரும்புப் பல் வைத்த காலணியால் கல்லை மிதித்துப் புரட்டினால், பூச்சி கழன்று ஓட்டத்தோடு வந்து வலையில் விழும்.

நவம்பரிலேயே ஆற்று மீன்பிடிச் சங்கத்தார் இந்த ஐம்பது அடிக்குச் சிவப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். இவள் எண்ணி முடிக்கும்வரை யாரும் உள்ளே மிதிக்கக் கூடாது. மிதித்தால் உரிமம் போகும். ஆயுளுக்கும்.

"அப்ப என்னன்னு எழுதுவே?"

"செத்த ஆறுன்னுதான்." அவள் குரல் இறங்கியது. "அப்படி எழுதினா வசந்தத்துல இயந்திரம் வந்து கல்லையெல்லாம் வாரிடும். காப்பாத்த ஒண்ணும் இல்லன்னு அதிகாரிங்க சொல்லிடுவாங்க."

செத்த ஆறாம்.

கயிற்றைத் தாண்டி இறங்கினேன். ஒரு கல்லை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"இதுல முதுகு எது, வயிறு எது?"

கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வெயில் படும் முதுகில் பாசி பழுப்பாகப் படிந்திருக்கும். வயிறு கறுத்திருக்கும்; பூச்சி கூடு கட்டிய நூல் ஒட்டியிருக்கும். இங்கே கறுத்த பக்கம் மேலே இருந்தது. சுற்றிலும் அப்படித்தான். எல்லாக் கல்லும் மல்லாந்து கிடந்தன. மேலே வெள்ளைக் கீறல்கள், நாலு நாலாக.

"வெள்ளமா?"

"வெள்ளத்துக்குப் பல் இருக்கா?"

குனிந்து கீறலைத் தடவினாள். பிறகு, தெளிந்த தண்ணீருக்குள் என் காலணியின் நாலு இரும்புப் பற்களைப் பார்த்தாள்.

"பூச்சி இல்லன்னா ஆறு செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. நான் வந்துட்டுப் போயிருக்கேன்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல."

நல்ல கல்லுக்குக் கயிறு கட்டினால் கால் சும்மா இருக்குமா? நாற்பத்தொரு குளிர்காலம் மிதித்த கால். ஒரு பூச்சி தப்பவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் வேறு எவனாலும் ஐம்பது அடியை இப்படித் துடைத்து வைக்க முடியாது. அதையும் அவளிடம் சொன்னேன். சொல்லும்போது நிமிர்ந்துதான் நின்றேன்.

"அந்தப் பாறைக்குக் கீழ வலையை வை. இடுக்கு இருக்கு. அங்க என் காலும் நுழையாது, கைதான் நுழையும்."

வைத்தாள். கையால் கற்களைப் புரட்டினாள். வலை கறுத்து நெளிந்து மேலே வந்தது. அறுபதுவரை எண்ணினாள். அப்புறம் எண்ண முடியாமல் சிரித்தாள்.

நான் கையில் கட்டியிருந்த உரிமப் பட்டையைக் கழற்றி நீட்டினேன். செய்ததைச் செய்தேன் என்று சொல்லியாயிற்று. பிறகென்ன.

அவள் வாங்கவில்லை. நோட்டைத் திறந்து எழுதினாள்.

"அந்த ஐம்பது அடி கணக்குல வராது, பெரியவரே. மேல போய் புதுசா எடுக்கிறேன். காரணம் எழுதிட்டேன்."

எட்டிப் பார்த்தேன். என் பெயரைத் தேடினேன். எழுத்து பெரிதாக இருந்தது. என்னாலேயே படிக்க முடிந்தது.

'கற்களைப் புரட்டியது: காட்டுப்பன்றி.'

"பன்னியா?" என்றேன். "ஒரு கல்லு விடாம, வரிசை தப்பாம, பன்னி மிதிக்குமா?"

"பட்டையைக் கட்டிக்குங்க. யாராவது பார்த்துடப் போறாங்க."

கட்டிக்கொண்டேன். கரையேறி நடந்தேன்.

படித்தவள் எழுதியது. சங்கத்தில் எல்லோரும் நம்புவார்கள்.

பன்றியாம்.