முற்றத்தில் சிவப்புத் துணிகள்

முகத்தில் சவரச் சோப்பு நுரையோடு மாடி ஜன்னலில் நிற்கிறான் நசரேனோ. வேலைநிறுத்தம் நடத்தியதற்காக இத்தாலியின் பாசிச அரசு மூன்று வருடம் தீவில் அடைத்துவைத்துத் திருப்பியனுப்பிய டூரின் நகர ஆலைத் தொழிலாளி அவன். இன்று மே முதல் தேதி, தொழிலாளர் தினம்; அவன் வாசற்படி தாண்டக் கூடாதென்று உத்தரவு. செங்கொடிக்கும் தடை. கீழே முற்றத்தில் வெயில் பளீரென்று விழுகிறது. வீட்டுக்கு வீடு கட்டிய கயிறுகளில் சிவப்புப் பாவாடை, சிவப்புக் காலுறை, சிவப்புப் போர்வை; எல்லாம் ஈரம் சொட்டச் சொட்டக் காற்றில் படபடக்கின்றன. நடுவில் போலீஸ்காரர் போர்த்தோலோ இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்க்கிறார். “எல்லாத்தையும் எடும்மா, எர்சிலியா.” “ஈரத்தோட எப்படிங்க எடுக்கிறது?” என்கிறாள் நசரேனோவின் மனைவி, தெருவுக்கே துணி துவைத்துக் கொடுப்பவள். “இன்னைக்குப் பாத்து எல்லாரும் சிவப்பையே துவைச்சீங்களா?” “வெயில் இன்னைக்குத்தானே அடிக்குது.” “நான் இழுத்தா கிழிஞ்சிரும், பாத்துக்க.” “இழுங்க. அந்த ஓரத்துல தொங்குறதை மட்டும் பதனமா எடுங்க. நீங்க துவைக்கக் குடுத்த வெள்ளைச் சட்டை அது. சேத்து ஊறவெச்சுட்டேன், சாயம் ஏறிடுச்சு.” போர்த்தோலோ சட்டையைப் பார்க்கிறார், தெருவாசலைப் பார்க்கிறார். “காஞ்சதும் மொதல்ல என்னோடதை எடுத்துடு” என்கிறார் மெல்ல. நசரேனோவின் சிரிப்பு மட்டும் உத்தரவை மீறி, சோப்பு நுரையோடு முற்றத்தில் இறங்குகிறது.