தோழியின் சந்தேகம்

"தலைவியைப் பெண் கேட்டு வேற ஆளுக வந்தா, அவ மனசுல இருக்கிறவனைப் பத்தித் தோழிதான் தாய்கிட்ட எடுத்துச் சொல்லுவா. அதுக்குப் பேருதான் அறத்தொடு நிற்றல்" என்று ஆறாம் பாரம் வகுப்பில் பாடத்தை முடிக்கப் போனார் பூரணம் டீச்சர்.

ஒச்சம்மாள் எழுந்தாள். அவளுக்குப் பக்கத்து இடம் அன்று காலி.

"அதைக் கேட்டுட்டுத் தாய் தோழியை அடிச்சாகளா டீச்சர்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"அதைப் புலவர் பாடலையே!"

"தோழி பொய் சொல்றான்னு நெனச்சிருந்தா?"

"கூடவே வளர்ந்தவ பொய் சொல்லமாட்டான்னு தாய்க்குத் தெரியாதா?"

ஒச்சம்மாள் லேசில் விடுவதாக இல்லை.

"வீட்டுல பலகாரமெல்லாம் சுட்டு வச்சிருந்தா?"

"ஏன்டி, உன்னையப் பொண்ணு பாக்க வாராகளா?"

"இல்ல டீச்சர்."

"பெத்தவ புத்திசாலியா இருந்தா, 'இதை முன்னாடியே சொல்லக் கூடாதாடி'ன்னு மட்டும்தான் கேப்பா. உக்காரு."

மணி அடித்தது. எல்லோரும் போனபிறகும் ஒச்சம்மாள் மேசையருகே வந்து நின்றாள்.

"இன்னும் என்னடி சந்தேகம்?"

"சந்தேகமில்ல டீச்சர். ரெட்டியார்சத்திரத்துல இருந்து இன்னைக்குச் சாயங்காலம் உங்க மக திலகாவைப் பொண்ணு பாக்க வாராகள்ல? அவ மனசுல வேற ஆளு இருக்கு. என்கிட்டத்தான் சொல்லி அழுதா."

தன் மகள் உட்காரும் அந்தக் காலி இடத்தை டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"முறுக்கு அம்புட்டும் சுட்டாச்சே" என்று முனகினார். பிறகு ஒச்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதாடி?"