வகுபடாத வீடு

தண்ணீர் லாரிக்கு முறை வைத்துவிட்டார்கள். வீட்டு எண் இரண்டால் வகுபட்டால் திங்கள், மூன்றால் என்றால் செவ்வாய், ஐந்துக்குப் புதன், ஏழுக்கு வியாழன், பதினொன்றுக்கு வெள்ளி, பதின்மூன்றுக்குச் சனி. இவை எதாலும் வகுபடாமல், ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறு எதாலாவது வகுபட்டால் ஞாயிறு.

பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவின் எண் 15485862. வாரத்தில் மூன்று நாள் தண்ணீர். எங்கள் எண் 15485863. ஒரு நாளும் கிடையாது. அக்கா மதில் மேலாக ஒளித்துத் தரும் ஒரு குடத்தில்தான் மூன்று பேர் பிழைக்கிறோம்.

இன்றைக்கு லாரியை மறித்தேன். சூப்பர்வைசர் சற்குணம் இறங்கி வந்தான்.

"இவ்ளோ பெரிய நம்பர் எதாலயும் வகுபடாம இருக்குமா? நல்லா போட்டுப் பாரும்மா."

"நான் கணக்கு டீச்சர்யா! நாலாயிரம் வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன். நாலாயிரத்தை நாலாயிரத்தால பெருக்கினாலே அந்த நம்பரைத் தாண்டிடும், அதுக்கு மேல பாக்கவே வேணாம். ஒண்ணையும் அந்த நம்பரையும் விட்டா எதாலயும் வகுபடாது. பகா எண். எங்களுக்கு எந்த நாள்?"

அவன் டேப்லெட்டைத் தட்டினான். "பகா எண்ணுக்கு நாளே போடலியே. வேற நம்பர் தருவாங்கம்மா. ஆனா வீட்ல ஒரு பிறப்போ இறப்போ பதிவாகணும்."

"தண்ணிக்காக யாரைச் சாகச் சொல்றே?" தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

வாசலை ஒட்டிய அறையில் படுத்த படுக்கையாக இருக்கும் மாமனார்தான் பதில் சொன்னார்.

"கத்தாதேம்மா. இனிமே எனக்குத் தண்ணி தராதே. நம்பர் சீக்கிரம் மாறிடும்."

இடுப்பில் காலிக் குடம் இருந்தது. ஓங்கி லாரிக் கண்ணாடியில் அடித்தேன்.