பதறாத குரல்

நாச்சிமுத்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

"என்னங்க பண்ணுது?" தெய்வானை சிரித்த குரலிலேயே கேட்டாள். சுவரிலிருந்த காதுப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது. பதறுகிற குடும்பம் என்று அதில் பதிவாகிவிட்டால் பிள்ளைகளை எவரும் வேலைக்கு எடுப்பதில்லை. மகள் இதழினிக்கு மறுநாள்தான் வங்கியில் நேர்காணல்.

"நெஞ்சை இறுக்குது அம்மணி. சிரிச்சுட்டே பேசு."

"சிரிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்."

"பல்வலிக்காரியாட்டம் இருக்குது."

தெய்வானை ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். "வணக்கமுங்க. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலிங்க. கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

"உங்கள் குரலில் பதற்றம் இல்லை," என்றது இயந்திரம். "எனவே இது அவசரம் அல்ல. வண்டி நாளை காலை வரும்."

"நெசமாலுமே வலிக்குதுங்க," என்றாள், அப்போதும் சிரித்த குரலிலேயே.

"அமைதியாகப் பேசியதற்கு நன்றி. உங்கள் குடும்பத்துக்கு ஒரு புள்ளி கூடியிருக்கிறது."

இனிக் கத்தினால்தான் வண்டி வரும். தெய்வானை வாயைத் திறந்தாள். நாச்சிமுத்து எட்டி அவள் வாயை இறுகப் பொத்தினார்.

"வேண்டாம் அம்மணி... புள்ளைக்கு நாளைக்கு..."

அந்த நேரத்தில் அவருக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ! அவள் திமிறினாள், விரலைக் கடித்துக்கூடப் பார்த்தாள். கை விடவில்லை. பிறகு அது தானாகவே நழுவி அவள் மடியில் விழுந்தது.

அப்போதுதான் அவளால் கத்த முடிந்தது.

"பதற்றம் பதிவானது," என்றது போன். "வண்டி புறப்பட்டுவிட்டது."