மை இறங்காத பேனா

"சத்தியமா சொல்றேன் தாயி, இதுல ஒரு வார்த்தை பொய்யில்ல. பொய்யின்னா என் நாக்கு அழுகிப் போகட்டும்" என்றார் செல்லக்கண்ணு. முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

திருச்சி மத்திய சிறை வாசலில், உள்ளே இருப்பவர்களை மனுப் போட்டுப் பார்க்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காளியாயி அழுது ஓய்ந்திருந்தாள். அவள் மகன் தமிழ்மணிக்குப் பத்து வருடத் தண்டனை. அப்பீல் போட்டும் பிரயோஜனமில்லை என்று முடிவுகட்டி, சோற்றைத் தொடுவதையே விட்டுவிட்டான். அப்பீலோ திங்கட்கிழமை மதுரை ஹைகோர்ட்டில் வருகிறது. எந்த ஜட்ஜிடம் என்று அவள் சொன்னதும்தான் செல்லக்கண்ணு தொடங்கினார்.

அந்த ஜட்ஜ் ஸ்ரீரங்கத்துக்காரராம். முசிறியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது ஆடு திருடியவனை உள்ளே அனுப்பினாராம். அந்த ஆடே அவர் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தியதாம். ஜாமீன் கொடுத்த பிறகுதான் வாயை மூடியதாம். செஷன்ஸ் ஜட்ஜாகத் திருச்சிக்கு வந்த பிறகு, யாருக்காவது தண்டனை கொடுத்துவிட்டு அம்மா மண்டபத்தில் குளிக்க இறங்கினால், காவிரி அவர் முழங்காலுக்கு மேலே ஏறாதாம்.

"கோடையிலயாங்க?"

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு."

காளியாயிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. இப்போது ஹைகோர்ட்டில் எப்படி என்று கேட்டாள்.

"அங்கதான் பெரிய கூத்து. அப்பீல் தள்ளுபடின்னு எழுதப் போனா பேனாவுல மை இறங்காது. உதறிப் பார்த்தாரு, பேனாவை மாத்திப் பார்த்தாரு. ம்ஹூம். விடுதலைன்னு எழுதினா மட்டும் சரசரன்னு ஓடும். இதை உன் மவன்கிட்ட சொல்லு. சோறு திங்கச் சொல்லு."

"நெசமாவாங்க?"

"எம்மவன் கேஸும் அவருகிட்டதான். எனக்குத் தெரியாதா?"

காவலர் செல்லக்கண்ணுவின் பெயரைக் கூப்பிட்டார். அவர் எழவில்லை. அந்தம்மாவை முதலில் விடச் சொன்னார். காலையிலிருந்து தன் முறையை யாராவது ஒருவருக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்.

காளியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது நடையே மாறியிருந்தது.

"சாப்பிடுறேன்னு சொல்லிட்டான் பெரியவரே. ஆடிப்பெருக்குன்னதும் சிரிச்சான். நீங்க நல்லா இருக்கணும்."

வாசலில் வேறு யாரும் மிச்சமில்லை. செல்லக்கண்ணு வேட்டியை உதறிக்கொண்டு மெல்ல எழுந்தார்.

அவர் மகனின் அப்பீலை அதே ஜட்ஜ் நேற்றுத் தள்ளுபடி செய்திருந்தார்; அதை மகனிடம் சொல்லத்தான் அவர் வந்திருந்தார்.