விட்டுப்போன ஆடு

மருதேவி நீட்டிய தபால் கார்டை, ராஜகிரி மலைக்குப் பின்னால் சாயும் வெயிலில் பிடித்துப் பார்க்கிறார் சந்திரநாதன். ஆடுபுலிக் கட்டம் வரைந்து, மூன்றே நகர்த்தலில் புலியைக் கட்டச் சொல்லி, அவள் கணவன் விருஷபதாஸுக்குப் போன மாதம் அவர் அனுப்பிய புதிர். பென்சிலால் போட்டுப் போட்டு அழித்ததில் கார்டு நைந்திருக்கிறது. “கண்ண மூடற வரிக்கும் புளியங்கொட்டய வச்சிக்னு இதத்தான் பாத்துக்னு இருந்தாரு. இதுக்கு விட இன்னாண்ணா?” சந்திரநாதனின் விரல் கட்டத்தின் ஒரு மூலையில் நின்றுவிடுகிறது. அங்கே இருக்கவேண்டிய ஆட்டை அவர் வரையவே இல்லை. கார்டின் அடியில் நண்பனின் நடுங்கும் எழுத்து: ‘இதற்கு விடை கிடையாது.’ அதை அவனே அடித்துவிட்டு, கீழே எழுதியிருக்கிறான்: ‘சந்திரநாதன் தப்பாகப் போடமாட்டான்.’